விலை சொல்ல ஆள் இருக்கு, கேள்வி கேட்க ஆள் இல்லை

புதுச்சேரியின் பி.ஒய். 01 நம்பர் போட்ட பெரிய கார்களைச் சென்னையில் பார்க்கலாம், பெங்களூரில் பார்க்கலாம், கொச்சியிலும் பார்க்கலாம். சாலை வரி கம்மி, அதனால் பதிவு மட்டும் இங்கே. 2017ல் கேரளாவில் இது பெரிய விவகாரமாகி, சினிமாக்காரர்கள் சிலர் மேல் வழக்கு வரைக்கும் போனது. இவ்வளவு குதிரைசக்தி நம்ம ஊர் பேரில் ஓடுகிறதே! அப்படிப்பட்ட ஒரு வண்டிக்கு நல்ல டிஃபரென்ஷியல் எது என்று இதே ஊரில் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். இன்னும் வயிறு எரிகிறது.

என் வண்டி டர்போ பெட்ரோல், முன்சக்கரம் இழுக்கும் வகை. எஞ்சினை ரீமேப் செய்ததிலிருந்து டார்க் ஏறிவிட்டது. மழை நாளில் ராஜீவ் காந்தி சிலை சிக்னலில் திரும்பி ஈ.சி.ஆர். பக்கம் மிதித்தால் உள்பக்கச் சக்கரம் சும்மா சுற்றும். வண்டி நகராது, டயர் மட்டும் தேயும். காரணம் சாதாரண டிஃபரென்ஷியல்தான். அது இரண்டு பக்கமும் ஒரே அளவு இழுவிசையைத்தான் கொடுக்கும். ஈரத்தில் நிற்கும் சக்கரம் எவ்வளவு தாங்குமோ, காய்ந்த இடத்தில் நிற்கும் சக்கரத்துக்கும் அவ்வளவுதான். மீதி சக்தி வீண். இதைக் கட்டுப்படுத்தத்தான் லிமிடெட் ஸ்லிப் டிஃபரென்ஷியல், எல்.எஸ்.டி.

இது நேற்று முளைத்த சமாச்சாரமா? வண்டிக்கான டிஃபரென்ஷியலுக்கு 1820களின் கடைசியிலேயே காப்புரிமை வாங்கியவர் ஒனெசிஃபோர் பெக்கர் என்கிற பிரெஞ்சுக்காரர். நீராவி வண்டிக்காக. அப்போது புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடிதான் பறந்துகொண்டிருந்தது. 1930களில் ஆட்டோ யூனியன் ரேஸ் காரின் சக்கரம் கண்டபடி சுற்றுகிறது என்று போர்ஷே ஆட்கள் இசட்.எஃப். கம்பெனியிடம் போய், வழுக்கலைக் கட்டுப்படுத்தும் டிஃபரென்ஷியலைச் செய்ய வைத்தார்கள். அதற்கே சுமார் தொண்ணூறு வருஷம் ஆகிறது. இங்கே எத்தனை எஞ்சினியரிங் காலேஜ்! ஒரு கடையிலாவது இதைப் பற்றி நாலு வார்த்தை ஒழுங்காகப் பேச ஆள் வேண்டாமா?

ஒரு பெர்ஃபார்மன்ஸ் கடையில் கேட்டேன். வண்டி பேரைச் சொன்னதுமே விலை வந்துவிட்டது. "டூ வே போட்டுடலாம் சார், செம்மையா ட்ரிஃப்ட் ஆகும்." முன்சக்கரம் இழுக்கும் வண்டிக்கு டூ வே! ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் பூட்டிக்கொள்கிற டிஃப் அது. வளைவில் நுழையும்போதே வண்டி திரும்ப மாட்டேன் என்று அடம்பிடிக்கும். கேட்டால் கேட்டலாக்கைத் திருப்பிக் காட்டுகிறார். சென்னையில் இன்னொருத்தர் போனில், "உங்க வண்டியிலயே எலெக்ட்ரானிக் டிஃப் இருக்கே சார்" என்றார். அது பிரேக் பிடிக்கிற சாஃப்ட்வேர். சுற்றும் சக்கரத்தை பிரேக் போட்டு அடக்கும், அவ்வளவுதான். டவுனில் பரவாயில்லை. தொடர்ந்து வேகமாக ஓட்டினால் பிரேக் சூடாகும், பேடு தேயும். பேருக்கு முன்னால் எலெக்ட்ரானிக் என்று போட்டுவிட்டால் போதுமா?

நான் எதிர்பார்த்தது ஒரே ஒரு கேள்வி. "வண்டியை எங்கே ஓட்டுறீங்க?" இதைக் கேட்டால் பாதி பதில் தானாக வந்துவிடும்.

இருங்காட்டுக்கோட்டை ரேஸ் ட்ராக் 1990லிருந்து இருக்கிறது. அங்கே போய் கெர்ப் மேல் ஏற்றி இறக்குகிற ஆளுக்கு கிளட்ச் வகை எல்.எஸ்.டி. சரி. ஒரு சக்கரம் காற்றில் தொங்கினாலும் பிளேட்டுகளை முன்கூட்டியே அழுத்தி வைத்திருக்கும் ப்ரீலோடு இருப்பதால் மற்ற சக்கரம் இழுக்கும். ஆனால் அந்தப் பிளேட் தேயும். எண்ணெயை அடிக்கடி மாற்ற வேண்டும், ஒருநாள் கழற்றி பிளேட் மாற்ற வேண்டும். நம்ம வெள்ளைக்காரத் தெருக்களில், சதுரம் சதுரமாக வெட்டின முனைகளில் மெதுவாகத் திருப்பும்போது கீழே கடகடவென்று சத்தம் வேறு வரும்.

ஹெலிக்கல் வேறு ரகம். டார்சன், குவைஃப் எல்லாம் இந்தக் குடும்பம். பிளேட் கிடையாது, பல்சக்கரங்களே ஒன்றையொன்று நெருக்கிப் பிடிப்புள்ள பக்கம் இழுவிசையைக் கூட்டிக் கொடுக்கும். சத்தமில்லை, தினசரி ஓட்டத்துக்குச் சுகம். ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பிவிட்டால் மட்டும் கைவிட்டுவிடும், ஏனென்றால் அது பெருக்கிக் கொடுக்கிற ரகம். பூஜ்யத்தை எதால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஈ.சி.ஆர்., திண்டிவனம் ரோடு, மழையில் சிக்னல் என்று ஓட்டுகிற எனக்கு ஹெலிக்கல்தான் சரி. இதை நானே படித்து, நானே கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. விற்கிறவரின் வேலை இல்லையா இது?

இப்போது ஒன்று சொல்கிறேன். நம்ம ஊர் மேட்டுப்பாளையம் லாரி பட்டறைப் பக்கம் ஒரு பெரியவர் லாரி டிஃபரென்ஷியலின் கிரவுன் வீலை செட் பண்ணிக்கொண்டிருந்தார். பல்லில் மைபோலச் சாயம் தடவி, கையால் மெதுவாகச் சுற்றி, தடம் எங்கே விழுகிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிறார். தடம் பல்லின் நுனிக்குப் போயிருந்தது. ஒன்றும் பேசாமல் கழற்றி, மெல்லிய சிம் ஒன்றைச் சேர்த்து, மறுபடி பூட்டி, மறுபடி சாயம். தடம் நடுப்பல்லுக்கு வருகிற வரைக்கும் விடவில்லை. என் வண்டியைப் பற்றிச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "எந்த ரோட்டுல ஓட்டுறீங்க தம்பி?" எனக்குக் கண் கலங்கிவிட்டது, நிஜமாகவே. "ஆனா இந்த கியர்பாக்ஸை நான் பிரிச்சதில்ல தம்பி, தெரியாத வேலையில கை வைக்க மாட்டேன்" என்றும் சொன்னார். தெரியாது என்று சொல்ல எவ்வளவு தெரிந்திருக்க வேண்டும்! அவர் பக்கத்தில் நின்று தொழில் கற்கும் பையன் ஒருத்தனும் இல்லை. பையன்கள் எல்லாம் ஸ்டிக்கர் ஒட்டும் கடையிலும் எக்ஸாஸ்ட் மாற்றும் கடையிலும் இருக்கிறார்கள். காசு அங்கேதானே?

முதலில் சொன்ன பெர்ஃபார்மன்ஸ் கடையில் பொருளுக்கு வாரண்டி கேட்டேன். "அது கம்பெனிகிட்டதான் கேக்கணும் சார்." மாட்டும் வேலைக்கு? சிரிக்கிறார். பில்? "பில் போட்டா ஜி.எஸ்.டி. வருமே சார்." வரட்டுமே! 2025 செப்டம்பரிலிருந்து உதிரி பாகம் எல்லாம் 18 சதவீதத்துக்கு வந்தாச்சு. நான் கொடுக்கத் தயார், அவர் எழுதிக் கொடுக்கத் தயாரில்லை. எழுதினால் நாளைக்கு பேரிங் போனால் பதில் சொல்ல வேண்டுமே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைப் பற்றிப் பேசுகிறது, 2019ல் உச்ச நீதிமன்றமும் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. டிஃப் மாற்றுவது இதில் வருமா, இன்ஷூரன்ஸுக்குச் சொல்ல வேண்டுமா? லட்சக்கணக்கில் விற்கிறவர் இதையாவது தெரிந்து வைத்திருக்கக் கூடாதா? "யாரு சார் உள்ள திறந்து பாக்கப் போறாங்க" என்கிறார். தரம் கெடுவதும் இந்த ஒரே பதிலில்தான். யாரும் திறந்து பார்க்க மாட்டார்கள் என்றால் போல்ட்டை எவ்வளவு டார்க்கில் முறுக்கினாய் என்று யார் கேட்பது?

ஹெலிக்கல் என்று முடிவு செய்துவிட்டேன். பணமும் எடுத்து வைத்தாகிவிட்டது. கியர்பாக்ஸை இறக்கி, பழைய போல்ட்டைத் திரும்பப் போடாமல், பேரிங் ப்ரீலோடை அளந்து, அந்த அளவைப் பில்லிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருகிற ஒரு ஒர்க்‌ஷாப் வேண்டும். புதுச்சேரியில் இல்லாவிட்டால் கடலூரில், விழுப்புரத்தில், சென்னையில் எங்கே இருந்தாலும் சரி. தெரிந்தால் சொல்லுங்கள், நாளைக்கே வண்டியைக் கொண்டு போய் விடுகிறேன்.