கையெழுத்திடுமுன் வாசியுங்கள்

விஞ்ஞானம் நாள்தோறும் ஏதேனும் ஒரு புதுமையை நம் வாசலில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்படி வந்திருக்கும் ஓர் உதவியாளரைப் பற்றியும், அந்த உதவியால் நான் பட்ட அவமானத்தைப் பற்றியும், அதன் பயனாக என் மனத்தில் உருவான கருத்தைப் பற்றியும் இங்கே எழுத விரும்புகிறேன்.

கணினி என்றால் வண்ணப் படங்களும், சுட்டியால் தொட்டுத் திறக்கும் பெட்டிகளுமே நம் நினைவுக்கு வரும். ஆனால் கணினிக்கு இன்னொரு முகமும் உண்டு. அது கறுப்புத் திரையும் வெள்ளை எழுத்துமான கட்டளைத் திரை. டெர்மினல் என்பார்கள். அங்கே படம் கிடையாது. ஒரு வரியைத் தட்டச்சு செய்து 'எண்டர்' விசையை அழுத்தினால், சொன்னது அப்படியே நடந்துவிடும். 1969-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், 1991-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் ஆகிய இரண்டும் இந்த வழியில் வளர்ந்தவையே. நம் சென்னையிலுள்ள சி-டாக் மையம் உருவாக்கிய 'பாஸ்' என்பதும் லினக்ஸ் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். பன்னிரண்டாம் வகுப்பில் சி++ நிரலைப் பைத்தான் வழியாக இயக்கும் பாடத்தில், நாமும் இந்தத் திரையில்தான் கட்டளை எழுதிப் பழகுகிறோம்.

2025-ஆம் ஆண்டில் இந்தத் திரைக்குள்ளேயே செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் வந்து அமர்ந்துகொண்டார்கள். கிளாட் கோட், கோடெக்ஸ், ஜெமினி சி.எல்.ஐ. என்று பல பெயர்கள். நமக்கு வேண்டியதைச் சாதாரண வாக்கியத்தில் சொன்னால் போதும். அவை நம் கோப்புகளைப் படித்துப் பார்த்து, தேவையான கட்டளையை எழுதி, "இதை இயக்கலாமா?" என்று நம்மைக் கேட்கும். நாம் சம்மதித்தால் இயக்கும்.

அந்தச் சம்மதத்தைப் பற்றியே என் கதை.

சென்ற ஆண்டு, முன்னாள் மாணவியர் கூட்டத்துக்காகப் பழைய புகைப்படங்களை ஒழுங்குபடுத்தும் பணியை எங்கள் சிஸ்டர் என்னிடம் ஒப்படைத்தார். ஐந்து ஆண்டுகளின் படங்கள் ஐந்து கோப்புறைகளில் இருந்தன. ஒவ்வொன்றிலும் 40 படங்கள். எல்லாவற்றுக்கும் 1 முதல் 40 வரை எண்களே பெயர். அனைத்தையும் ஒரே கோப்புறையில் சேர்க்க வேண்டும். மயிலாப்பூரில் எங்கள் வீட்டில், அண்ணனுடைய கணினியில் அத்தகைய உதவியாளர் ஒன்று உண்டு. அண்ணன் அருகில் இல்லாத நேரம் பார்த்து, சிஸ்டர் கொடுத்த பென் டிரைவைச் செருகி, வேலையைச் சொன்னேன். உதவியாளர் கட்டளையை எழுதி, "இயக்கலாமா?" என்றது. நான் ஒரு வரிகூடப் படிக்கவில்லை. எண்டர் விசையை அழுத்தினேன். கண் இமைக்கும் நேரத்தில் வேலை முடிந்தது.

திறந்து பார்த்தேன். இருநூறு படங்கள் இருக்கவேண்டிய இடத்தில் நாற்பதே இருந்தன!

நடந்தது இதுதான். கோப்புகளை இடம் மாற்றும் கட்டளைக்கு எம்.வி. என்று பெயர். போகும் இடத்தில் அதே பெயரில் வேறொரு கோப்பு இருந்தால், அது யாரையும் கேட்காமல் பழையதை அழித்துவிட்டுப் புதியதை வைத்துவிடும். ஒவ்வொரு கோப்புறையாக வந்த படங்கள் முன்பு வந்தவற்றை அழித்துக்கொண்டே வந்தன. கடைசி ஆண்டின் படங்கள் மட்டும் தப்பின. அழிந்தவை குப்பைத் தொட்டிக்கும் போகவில்லை. அந்தக் கட்டளையில் 'ஐ' என்ற ஒரே ஓர் எழுத்தைச் சேர்த்திருந்தால், கணினி ஒவ்வொரு முறையும் "அழிக்கட்டுமா?" என்று கேட்டிருக்கும்.

மறுநாள் சிஸ்டரிடம் போய், "கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் அழித்துவிட்டது, சிஸ்டர்" என்றேன். அவர் கோபிக்கவில்லை. "எண்டர் விசையை அழுத்தியது யாரம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை.

பல படங்களை நூலகத்திலிருந்த பழைய ஆண்டு மலர்களிலிருந்து நான்கு சனிக்கிழமைகளில் மீண்டும் ஸ்கேன் செய்தேன். ஆனால் ஒரு தொகுதி, முன்னாள் மாணவி ஒருவர் தம் ஆல்பத்திலிருந்து தந்துவிட்டுத் திரும்பப் பெற்றுச் சென்றது. அவருக்கு நானே கடிதம் எழுத வேண்டும் என்றார் சிஸ்டர். முதலில் "கணினியின் தவறால்" என்று எழுதினேன். சிஸ்டர் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு, "நான் படித்துப் பார்க்காமல் அனுமதித்ததால் உங்கள் படங்கள் அழிந்துவிட்டன. மன்னியுங்கள்" என்று எழுதினேன். அந்த ஒரு வாக்கியத்தை எழுத எனக்கு ஒரு மாலைப்பொழுது ஆயிற்று. அந்த அம்மையார் படங்களை மறுபடி அனுப்பினார். மூன்று படங்கள் மட்டும் அவருக்கே கிடைக்கவில்லை.

இதை வீட்டில் சொன்னபோது, பாட்டி தன் அனுபவத்தைச் சொன்னார். பாட்டி இளவயதில் தட்டச்சும் சுருக்கெழுத்தும் கற்று, அண்ணா சாலையில் ஓர் அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தவர். "லெட்டரை டைப் அடிக்கிறது நான். கையெழுத்துப் போடுறது மேனேஜர். தப்பு இருந்தா வெளியிலே அவர்தான் பதில் சொல்லணும். அதனாலே எங்க மேனேஜர் கடைசி வரி வரைக்கும் படிச்ச பிறகுதான் பேனா மூடியையே திறப்பார்" என்றார். என் கருத்து முழுவதும் பாட்டியின் இந்தப் பேச்சில் அடங்கிவிட்டது. எண்டர் விசை நம் கையெழுத்து. இட்டவரே பொறுப்பாளி.

இது சிறு பெண்ணுக்கு மட்டும் நேர்வதன்று. 2025 ஜூலையில், அமெரிக்கத் தொழில்முனைவர் ஜேசன் லெம்கின் என்பவர் ரெப்ளிட் என்ற நிறுவனத்தின் உதவியாளரைக் கொண்டு மென்பொருள் செய்துவந்தார். எதையும் மாற்றக்கூடாது என்று அவர் சொல்லியிருந்தும், அது அவருடைய தகவல் தளத்தையே அழித்துவிட்டது. மீட்க முடியாது என்றும் சொன்னது. ஆனால் மீட்க முடிந்தது! நிறுவனத் தலைவர் மன்னிப்புக் கேட்டுப் புதிய பாதுகாப்புகளை அறிவித்தார். ஆக, உதவியாளர் நம் சொல்லை மீறவும் கூடும். தான் செய்ததைப் பற்றித் தவறாகச் சொல்லவும் கூடும்.

"அப்படியானால் இதைப் பிள்ளைகள் தொடவே கூடாது" என்று பெற்றோர் சிலர் கூறலாம். அவர்கள் கவலை நியாயமானதே. சில நிறுவனங்கள் பதினெட்டு வயது நிரம்பியவர்களுக்கே அனுமதி தருகின்றன; அதை மதிக்க வேண்டும். உதவியாளர் படிக்கும் கோப்பின் விவரம் அந்த நிறுவனத்தின் கணினிகளுக்குச் செல்கிறது என்பதால், ஆதார் நகலும் வங்கி விவரமும் உள்ள கோப்புறையை அதற்குத் திறந்துவிடவும் கூடாது. எனினும் முழுத் தடை சரியன்று என்பது என் தாழ்மையான எண்ணம். இரவு பத்து மணிக்கு ஆங்கிலத்தில் ஒரு பிழைச் செய்தி வந்தால், டியூஷன் வைக்க வசதியில்லாத மாணவிக்கு அதைத் தமிழில் பொறுமையாக விளக்க யார் இருக்கிறார்கள்? பெரியவர் ஒருவரின் மேற்பார்வையில், அந்த இடத்தில் இது நல்ல துணையே.

"கால்குலேட்டர் வந்தபின் வாய்ப்பாடு எதற்கு? இது இருக்கும்போது கட்டளைகளை ஏன் மனப்பாடம் செய்யவேண்டும்?" என்று கேட்கும் தோழியரும் உண்டு. அவர்களுக்கு என் பதில் இது. தீபாவளிக்குத் தி. நகர் ரங்கநாதன் தெருவில் துணி எடுக்கும்போது, பில் வந்ததும் என் அம்மா மனக்கணக்காகக் கூட்டிப் பார்ப்பார். ஒருமுறை ஒரே ரவிக்கைத் துணிக்கு இருமுறை விலை போட்டிருந்ததைக் கண்டுபிடித்தார். இயந்திரம் கூட்டித் தந்ததைச் சரிபார்க்கவே வாய்ப்பாடு தேவைப்பட்டது. கட்டளையும் அப்படியே. எழுதித் தர ஆள் வந்துவிட்டது. படித்துப் பார்க்கும் வேலை நம்முடையது. தெரியாத மொழியில் உள்ள பத்திரத்தில் யாராவது கையெழுத்திடுவார்களா?

1973-ல் கிண்டி ஐ.ஐ.டி.யில் ஐ.பி.எம். 370 கணினி வந்தபோது, நிரலைத் துளை அட்டைகளில் பதித்துக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓர் அட்டை தவறானாலும் மறுபடி காத்திருப்புத்தான். அந்தக் காத்திருப்பே அன்றைய மாணவர்களுக்கு நிதானத்தைக் கற்பித்தது. இன்று காத்திருப்பு இல்லை. நிதானத்தை நாமே வலிய வரவழைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஆகவே நான் சில பழக்கங்களை மேற்கொண்டிருக்கிறேன். வேலை தொடங்குமுன் கோப்புகளுக்கு ஒரு நகல் எடுத்து வைக்கிறேன். கட்டளை வந்ததும், அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் என்ன செய்யும் என்று கேட்டு, புத்தகத்திலும் பார்த்துக்கொள்கிறேன். எதையும் கேட்காமல் செய்துகொள்ளும்படி உதவியாளருக்கு மொத்தமாக அனுமதி தரும் வசதியும் உண்டு. சில உதவியாளர்களில் அந்த வசதியின் பெயரிலேயே 'ஆபத்து' என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறார்கள். அதன் பக்கம் நான் போவதில்லை. ரெக்கார்டு நோட்டில் எது என் வேலை, எது உதவியாளர் தந்தது என்பதையும் மறைக்காமல் எழுதுகிறேன். செய்முறைத் தேர்வில் தேர்வாளர் பக்கத்தில் நிற்கும்போது, எனக்குத் தெரிந்தது மட்டுமே எனக்குத் துணை.

அன்புத் தோழியரே! இந்த ஆண்டும் சிஸ்டர் அதே பென் டிரைவை என்னிடமே கொடுத்திருக்கிறார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. காணாமற்போன அந்த மூன்று படங்களின் எண்களை மட்டும் ஒரு தாளில் எழுதி, கணினிக்கு அருகில் ஒட்டி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு முறை "இயக்கலாமா?" என்ற கேள்வி வரும்போதும் அந்தத் தாளைப் பார்க்கிறேன். பிறகு கட்டளையைக் கடைசி எழுத்துவரை படிக்கிறேன். அதன் பின்னரே என் விரல் எண்டர் விசைக்குப் போகிறது.

— பன்னிரண்டாம் வகுப்பு, 'அ' பிரிவு மாணவி