பீருக்கு ஆண்டு அச்சடித்தால் போதும், மக்களுக்கு ஆதாரம் வேண்டும்

அமெரிக்காவிலேயே பரப்பில் மிகச் சிறிய மாநிலம் ரோட் ஐலண்ட். அங்கே 'நாராகன்செட்' என்று ஒரு பீர் உண்டு. 1890இல் ஜெர்மானிய வம்சாவளியைச் சேர்ந்த ஆறு பேர் க்ரான்ஸ்டன் நகரில் தொடங்கியது. ஒரு காலத்தில் அந்த வட்டாரமே அதைத்தான் குடித்தது. பாஸ்டன் ரெட் சாக்ஸ் பேஸ்பால் அணியின் ஒலிபரப்புக்குப் பல ஆண்டுகள் அதுதான் விளம்பரதாரர். 'ஜாஸ்' படத்தில் சுறா வேட்டைக்காரர் ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கையால் நசுக்குவாரே, அந்த டப்பாவும் இதுதான். 1965இல் ஃபால்ஸ்டாஃப் நிறுவனம் வாங்கியது, 1981இல் க்ரான்ஸ்டன் ஆலை மூடப்பட்டது. கைமாறிக் கைமாறி நொடிந்துபோன பெயரை 2005இல் மார்க் ஹெலண்ட்ரங் என்பவர் முதலீட்டாளர்களோடு சேர்ந்து வாங்கினார். பழைய செய்முறை, பழைய டப்பா வடிவம், பழைய ஞாபகம் எல்லாம் திரும்பி வந்தன. 2021இல் ப்ராவிடன்ஸ் நகரில் சொந்த ஆலையும் திறந்தாயிற்று.

வணிகம் படிப்பவர்களுக்கு இது ஒரு வெற்றிக் கதை. நமக்கு இந்தக் கதையில் வேறொரு கேள்வி இருக்கிறது. நாராகன்செட் யார்?

அது ஒரு பழங்குடி மக்களின் பெயர். 1636இல் ரோஜர் வில்லியம்ஸ் ப்ராவிடன்ஸில் குடியேற நிலம் கொடுத்தவர்கள் இவர்களுடைய தலைவர்கள். 1675 டிசம்பரில் சதுப்பு நிலத்தில் பனிக்காலத்துக்கு ஒதுங்கியிருந்த அந்த மக்களைக் குடியேறிகளின் படை தீவைத்துக் கொன்றது. பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். பிழைத்தவர்களின் சந்ததியை 1880இல் மாநில அரசு ஒரு சட்டம் போட்டு 'இனி நீங்கள் பழங்குடி இல்லை' என்று அறிவித்தது. கறுப்பின மக்களோடு கலந்துவிட்டார்கள், தூய இரத்தம் இல்லை என்பது அதிகாரிகள் சொன்ன காரணங்களில் ஒன்று. சுமார் 15,000 ஏக்கர் நிலம் 5,000 டாலருக்குப் போனது.

1880இல் மக்கள் இல்லை என்று சட்டம், 1890இல் அதே பெயரில் பீர். நடுவில் பத்தே ஆண்டுகள்.

அங்குள்ள விரிகுடாவுக்கும் அந்தப் பெயர்தானே, ஊர்ப் பெயரை வைத்தால் என்ன தப்பு என்று சிலர் கேட்பார்கள். சரி, விரிகுடா என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1940களில் இந்தப் பீருக்கு விளம்பரம் வரைந்த டாக்டர் சூஸ், அதாவது குழந்தைகள் புத்தகங்களால் உலகம் கொண்டாடும் தியடோர் கைசல், ஏன் கடல் அலையை வரையவில்லை? அவர் வரைந்தது 'சீஃப் கான்செட்' என்ற இறகுக் கிரீடம் வைத்த செவ்விந்தியப் பொம்மையை. அந்த நாட்களில் கூட்டாட்சி அரசின் பொறுப்பில் இருந்த பழங்குடிகளுக்கு மது விற்பதே குற்றம். அந்தத் தடை 1953இல்தான் நீங்கியது. பழங்குடியின் படம் பீர் விற்கலாம், பழங்குடி பீர் வாங்கக் கூடாது.

அந்த மக்களும் மீண்டு வந்தார்கள், ஆனால் வாங்குவதற்கு ஒரு முதலீட்டாளர் வரவில்லை. 1975இல் நிலத்துக்கு வழக்குப் போட்டு, 1978 ஒப்பந்தத்தில் சுமார் 1,800 ஏக்கரை மீட்டார்கள். 1983இல் கூட்டாட்சி அரசு அவர்களைப் பழங்குடியாக அங்கீகரித்தது. முதியோருக்கு வீடு கட்டச் சார்ல்ஸ்டவுனில் 31 ஏக்கர் வாங்கி, அதைப் பழங்குடி அறக்கட்டளை நிலமாக ஏற்கும்படி கேட்டார்கள். மத்திய அரசு ஒப்புக்கொண்டது, மாநில அரசு எதிர்த்து உச்சநீதிமன்றம் வரை போனது. 2009இல் வந்த தீர்ப்பு: 1934இல் சட்டம் இயற்றப்பட்டபோது நீங்கள் கூட்டாட்சி அதிகார வரம்புக்குள் இல்லை, ஆகவே நிலத்தை ஏற்க முடியாது. 1934இல் அவர்கள் ஏன் பட்டியலில் இல்லை? 1880இல் அழித்தது யாரோ, அதே மாநிலம்தான் 2009இல் அந்த இல்லாமையைக் காட்டி வென்றது.

பீரிடம் இப்படி யாரும் கேட்கவில்லை. 1981இலிருந்து 2005 வரை நீ எங்கே இருந்தாய், உன் செய்முறை கலப்படமில்லாததா, நீ அதே பீர்தானா? பெயரை வாங்கியவர் 1890 என்று அச்சடித்தார், தொடர்ச்சி வந்துவிட்டது.

தோழர்களே, இந்தச் சூத்திரம் நமக்குப் புதிதில்லை. மதம் மாறினால் சாதி போய்விடும் என்று 1950 ஆணை சொல்கிறது. தேவாலயத்துக்குப் போகிற தலித்துக்குச் சான்றிதழ் கிடையாது, சேரி மட்டும் உண்டு. 1892க்குப் பிறகு வெள்ளையர் அரசு நம் முன்னோருக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலத்தைக் கேட்டுப் போனால் பட்டா எங்கே, பதிவேடு எங்கே என்கிறார்கள். பதிவேட்டை வைத்திருப்பவர்களே கேட்கிறார்கள். 1994இல் செங்கல்பட்டில் அதைக் கேட்டுப் போனவர்களில் ஜான் தாமஸும் ஏழுமலையும் திரும்பவில்லை.

அந்தப் பீரைத் தடை செய்யச் சொல்லி நாம் எழுதவில்லை. அந்தப் பெயரோடு என்ன செய்வது என்பதை நாராகன்செட் மக்கள்தான் சொல்ல வேண்டும், நாம் அல்ல. 'பாரம்பரியம்', 'மண்ணின் மணம்' என்று ஒரு பழைய பிராண்டு புதிதாகக் கடைக்கு வரும்போது, அந்த மண் இப்போது யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பத்திரப்பதிவு அலுவலகத்தில் வில்லங்கம் போட்டுப் பார்க்கிற பழக்கம் நமக்கு வேண்டும் என்கிறோம்.