'ஹட்ச் நாய்'க்கு ஒரு வீடு வேண்டும்

சூரபத்மனோடு போர் முடித்து வந்த முருகனின் சினம் தணிந்த இடம் என்பதால் தணிகை என்று பெயர். சினம் தணிந்ததே தவிர, வெயில் தணியவில்லை! மே மாதம் வந்தால் டி.வி. செய்தியின் கடைசியில் 'இன்று சதமடித்த ஊர்கள்' என்று ஒரு பட்டியல் வாசிப்பார்களே, அதில் வேலூருக்குப் பக்கத்திலேயே திருத்தணியும் உட்கார்ந்திருக்கும். 100 டிகிரி ஃபாரன்ஹீட் எல்லாம் அங்கே பேச்சே இல்லை. 105-ஐத் தாண்டினால்தான் 'இன்னிக்குக் கொஞ்சம் ஜாஸ்தி' என்பார்கள். சித்திரை மாத மதியத்தில் மலைக்கோயிலின் 365 படிகளை வெறுங்காலோடு ஏறியவர்களுக்கு மேற்கொண்டு விளக்கம் தேவையில்லை. உள்ளங்காலைக் கேட்டாலே சொல்லும்.

இந்த வெயிலில் ஒரு பக் நாயை நினைத்துப் பாருங்கள். தட்டையான கறுப்பு முகம், சுருக்கம் விழுந்த நெற்றி, உருண்டைக் கண்கள், சுருட்டி வைத்த முறுக்கு மாதிரி வால். பெயர் சொன்னால் தெரியாதவர்களுக்கும் 'ஹட்ச் நாய்' என்றால் தெரியும். 2003-ல் வந்த அந்த செல்போன் விளம்பரத்தில், ஒரு சிறுவன் எங்கே போனாலும் பின்னாலேயே குடுகுடுவென ஓடியது ஒரு பக். அதன் பெயர் சீக்கா. நெட்வொர்க்கின் பெருமையைச் சொல்ல எடுத்த படம். ஆனால், பார்த்தவர்கள் மனதில் நின்றது நாய்தான். 2007-ல் ஹட்ச் நிறுவனம் வோடஃபோன் ஆனது. நாயும் 'வோடஃபோன் நாய்' ஆனது. அதற்குள் நாடு முழுக்க, 'எனக்கும் அந்த நாய் வேணும்' என்று குழந்தைகள் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்.

கேட்டால் கிடைத்தது. பக் எங்கே எப்படி வளரும் என்று அந்த விளம்பரத்தில் யாரும் சொல்லவில்லை. அது அவர்கள் வேலையும் இல்லை.

நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. பாதங்களின் அடியில் கொஞ்சம் வியர்க்கும், அவ்வளவுதான். சூட்டை வெளியேற்ற அதற்கு இருக்கிற பெரிய வழி, நாக்கைத் தொங்கவிட்டு இரைப்பது. மூக்கின் உள்பக்கமும் வாயும் நாக்கும் ஈரமாக இருக்கும். காற்று அவற்றின் மீது வேகமாக ஓடும்போது ஈரம் ஆவியாகி, கூடவே சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். நீளமான மூக்குள்ள நம் நாட்டு நாய்க்கு இதற்கு நிறைய இடம் இருக்கிறது. பக்கின் மூக்கை மனிதன் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்துச் சுருக்கிவிட்டான். எலும்பு சுருங்கியது, உள்ளே இருக்கிற சதை அந்த அளவுக்குச் சுருங்கவில்லை. மேலண்ணத்தின் மென்மையான பகுதி தொண்டைக்குள் தொங்கி மூச்சை மறிக்கும். மூக்குத் துவாரமும் கீறல் மாதிரி இருக்கும். சூடு ஏற ஏற அது வேகமாக இரைக்கும். இரைக்க இரைக்கத் தொண்டை வீங்கும். வீங்கினால் காற்று இன்னும் குறையும். குளிர்விக்க வேண்டிய இயந்திரமே சூட்டை ஏற்றத் தொடங்கிவிடும்.

'எங்க பக் தூங்கும்போது தாத்தா மாதிரி குறட்டை விடும், க்யூட்டா இருக்கும்' என்று வீடியோ போடுகிறார்களே, அந்தக் குறட்டை பெரும்பாலும் மூச்சு திணறுகிற சத்தம். தெரிந்துகொண்டால் சிரிப்பு வராது.

பிரிட்டனின் ராயல் கால்நடை மருத்துவக் கல்லூரி 2022-ல் ஓர் ஆய்வு வெளியிட்டது. மற்ற நாய்களோடு ஒப்பிட்டால், பக் நாய்களுக்கு ஏதாவது ஒரு நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய 1.9 மடங்கு. குட்டை மூக்கால் வருகிற மூச்சுக்குழல் கோளாறு மட்டும் 54 மடங்கு. 'ஆரோக்கியத்தைப் பொறுத்தவரை இதை இனி வழக்கமான நாயாகக் கருத முடியாது' என்கிற முடிவுக்கு அந்த ஆய்வாளர்கள் வந்தார்கள். அது இங்கிலாந்தின் குளிரில் வளரும் பக் நாய்களைப் பற்றிய கணக்கு. திருத்தணிக்கு யாரும் கணக்கு எடுக்கவில்லை.

மூக்கோடு முடிவதில்லை. கண்கள் வெளியே துருத்திக்கொண்டிருப்பதால் சின்னக் கீறல்கூட கருவிழிப் புண்ணாகிவிடும். முகத்துச் சுருக்கங்களில் ஈரம் தங்கிப் புண் வரும். தினமும் துடைத்து உலர்த்த வேண்டும். கொஞ்சம் அதிகமாகச் சோறு போட்டாலும் குண்டாகிவிடும். குண்டானால் மூச்சு இன்னும் மோசம். மயக்க மருந்து கொடுத்து எந்தச் சிகிச்சை செய்தாலும் கூடுதல் கவனம் வேண்டும்.

ஆக, குட்டியாக இருக்கும்போது கொஞ்சியவர்கள் இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் மருத்துவர் பில்லைப் பார்த்து மலைக்கிறார்கள். அப்போதுதான் வாட்ஸ்அப்பில் அந்தச் செய்தி வரும். 'அக்கா, வீடு மாத்துறோம். ஹவுஸ் ஓனர் ஒத்துக்கமாட்டேங்கறார். நாலு வயசு, ரொம்ப சாது. யாராவது நல்லா பார்த்துப்பாங்களா?' இது நல்ல ரகம். சொல்லாமல் கொள்ளாமல் நெடுஞ்சாலை ஓரத்தில் இறக்கிவிட்டுப் போகிற ரகமும் உண்டு. அடுத்தது, குட்டிகள் விற்கிறவர்கள் ஈனும் வரை வைத்திருந்து, பால் வற்றியதும் கழித்துவிடுகிற தாய் நாய்கள். தெருவில் பிறந்த நாய்க்கு எங்கே தண்ணீர், எந்தக் கடை வாசலில் நிழல் என்று தெரியும். ஹாலில் டைல்ஸ் தரையில் படுத்தே வளர்ந்த பக்கிற்கு எதுவும் தெரியாது. மே மாத மதியத்தில் அது ஒரு முழு நாள் தாங்குவதே கடினம்.

இந்த அக்காக்களும் அண்ணன்களும் யார்? சம்பளம் வாங்குகிறவர்கள் இல்லை. அலுவலகம், குழந்தைகள், சமையல் எல்லாவற்றுக்கும் நடுவே போனில் இதைச் செய்கிறவர்கள். தமிழ்நாட்டில் கைவிடப்பட்ட பிராணிகளுக்கு வீடு தேடும் வேலைக்கு நீண்ட பாரம்பரியம் இருக்கிறது. சென்னை தியாகராய நகரில் வெள்ளத்தில் தத்தளித்த இரண்டு நாய்க்குட்டிகளை விமானி கேப்டன் வி.சுந்தரம் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்ததில் தொடங்கியதுதான் புளூ கிராஸ் ஆஃப் இந்தியா. ஆண்டு 1959. பெங்களூரில் 1991-ல் தொடங்கிய 'கியூபா' அமைப்பு, கைவிடப்பட்ட உயர்சாதி நாய்களுக்கென்றே 'செகண்ட் சான்ஸ்' என்ற தத்து மையம் நடத்துகிறது. வளர்ப்பு நாய்கள் அந்த அளவுக்குத் தெருவுக்கு வந்திருக்கின்றன என்று அர்த்தம்.

ஒரே ஓர் இனத்தை மட்டும் மீட்கிற குழுக்கள் மேலைநாடுகளில் ஏராளம். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டுகளுக்கு வீடு தேடுகிறவர்கள் அதில் பிரபலம். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் நாய்ப் பந்தயத்தை நிறுத்த 2018-ல் மக்கள் வாக்களித்தார்கள். 2020 முடிவதற்குள் மைதானங்கள் மூடப்பட்டன. வேலையிழந்த ஆயிரக்கணக்கான நாய்களுக்குத் தன்னார்வலர்கள்தான் வீடு பார்த்துக் கொடுத்தார்கள். 'அதென்ன, நாயிலும் சாதி பார்த்து உதவுவதா?' என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் இதில் ஒரு நடைமுறை வசதி இருக்கிறது. பத்து பக் வளர்த்தவருக்கு, பதினொன்றாவது பக் இருமுகிற சத்தத்தை வைத்தே அது புரையேறியதா, மூச்சு அடைப்பா என்று சொல்லத் தெரியும். எந்த மருத்துவர் அதன் மூக்குத் துவாரத்தைப் பெரிதாக்கும் அறுவை சிகிச்சை செய்வார் என்பதும் தெரியும். முக்கியமாக, 'இது உங்க வீட்டுக்குச் சரிவராது' என்று சொல்கிற தைரியம் இருக்கும்.

அந்த தைரியம் இல்லாத குழு, நாயைக் கை மாற்றிவிடுகிறதே தவிர, காப்பாற்றுவதில்லை.

ஒழுங்காக நடக்கிற குழுவில் நாய் நேராகப் புது வீட்டுக்குப் போகாது. முதலில் ஒரு தன்னார்வலர் வீட்டில் சில வாரங்கள் தங்கும். உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தப் பரிசோதனை, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் அங்கேதான் முடியும். கருத்தடை செய்யாமல் கொடுக்கவே மாட்டார்கள். காரணம் உண்டு. 'இலவசமாக ஒரு பெண் பக் கிடைக்கிறது' என்றால் முதலில் ஓடி வருகிறவர் நாய்ப் பிரியராக இருக்கமாட்டார், குட்டி வியாபாரியாக இருப்பார். பக் குட்டிகளுக்குத் தலை பெரிது என்பதால் சிசேரியன் வரை போவதும் மற்ற இனங்களைவிட அதிகம். மீட்ட நாயை மறுபடி அந்த மேசைக்கே அனுப்ப யாருக்கு மனம் வரும்?

அப்புறம் கேள்விகள். சொந்த வீடா, வாடகையா? ஓட்டு வீடா, மொட்டை மாடிக்குக் கீழே உள்ள தளமா? பகலில் யார் இருப்பார்கள்? மின்தடை வந்தால் என்ன செய்வீர்கள்? பல பேருக்குக் கோபம் வரும். 'பெண் பார்க்க வந்தவங்ககூட இவ்ளோ கேக்கல!' என்பார்கள். மின்தடைக் கேள்வி வேடிக்கை இல்லை. திருத்தணி மாதிரி ஊரில் பக் வளர்க்கிறவர் ஏ.சி.யை நம்பித்தான் வளர்க்க முடியும். அது நின்ற ஒரு மதியத்தில் வீட்டில் ஆளில்லை என்றால் முடிந்தது கதை. நாயின் இயல்பான உடல் வெப்பம் 101 முதல் 102.5 டிகிரி. 106-ஐத் தொட்டால் உறுப்புகள் சேதமாகத் தொடங்கிவிடும். நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் நூலாக ஒழுகி, நடை தள்ளாடினால் உடனே சாதாரணத் தண்ணீரை உடம்பு முழுக்க ஊற்றி, ஃபேன் காற்றில் வைத்து, அப்படியே மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். ஈரத் துண்டைப் போர்த்தி மூடி வைக்கக் கூடாது. சூடு உள்ளேயே தங்கிவிடும்.

சட்டம் என்ன செய்கிறது? பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960-ன்படி, பசி தாகத்தில் துன்புறும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது குற்றம். முதல் முறை சிக்கினால் அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய் வரை! அச்சுப் பிழை இல்லை, ஐம்பது ரூபாய்தான். 1960-ல் அது ஒரு தொகையாக இருந்திருக்கும். இன்று திருத்தணி பஸ் ஸ்டாண்டில் இரண்டு பேர் டிபன் சாப்பிட முடியாது. 2017-ன் நாய் இனப்பெருக்க விதிகள் கொஞ்சம் மேல். வளர்த்து விற்கிறவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்ய வேண்டும், எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, ஒரு தாய் வாழ்நாளில் ஐந்து ஈற்றுக்கு மேல் ஈனக் கூடாது என்கின்றன. குட்டி வாங்கப் போகிறவர்களில் எத்தனை பேர் பதிவுச் சான்றிதழைக் கேட்கிறோம்?

2024-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒரு படி மேலே போனது. பக், சைபீரியன் ஹஸ்கி, செயின்ட் பெர்னார்ட், ஃபிரெஞ்ச் புல்டாக் உள்ளிட்ட சில இனங்கள் நம் வெப்பத்துக்குப் பொருந்தாதவை, அவற்றை இங்கே இனப்பெருக்கம் செய்யக் கூடாது என்றது. நல்ல முடிவு, கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான். இன்னொரு பக்கம், 'அப்போ ராஜபாளையம், சிப்பிப்பாறை வாங்கிக்கலாமே' என்று ஒரு புது மோகம் கிளம்பியிருக்கிறது. நம் மண்ணின் நாய்கள்தான், வெயில் தாங்கும்தான். ஆனால் முயல் விரட்டி ஓடப் பிறந்த சிப்பிப்பாறையை இரண்டு படுக்கையறை ஃபிளாட்டில் அடைத்து வைத்தால், அதற்கும் ஒரு மீட்புக் குழு தொடங்க வேண்டியதுதான். தெருவில் பிறந்த குட்டி ஒன்றை எடுத்து வளர்த்தால் இந்தப் பிரச்னையில் பாதி இல்லை. ஆனால் அதற்கு விளம்பரம் இல்லையே!

தன்னார்வலர்களிடையே ஒரு வாக்குவாதம் எப்போதும் ஓடும். ஒரு பக்கை மீட்டு நல்ல வீட்டில் சேர்த்தால், அதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் குழந்தை 'எனக்கும்' என்கிறது. விட்டுப் போனவரோ, பொறுப்பு கழிந்த நிம்மதியில் அடுத்த குட்டி வாங்குகிறார். நாம் மீட்கிறோமா, இல்லை வாங்குகிறவர்களுக்கு வசதி செய்து கொடுக்கிறோமா? இதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே போன் அடிக்கும். ஆறு வயது, ஒரு கண்ணில் பார்வை இல்லை, வீட்டுக்காரர் துபாய் போகிறார், நாளைக்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். விவாதம் அங்கே நின்றுவிடும். ஏற்கெனவே பிறந்துவிட்ட நாய் என்ன தவறு செய்தது?

எடுத்துக்கொள்ள நினைக்கிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம். குட்டியைவிட ஐந்தாறு வயது நாய்தான் பல வீடுகளுக்குப் பொருத்தம். அதன் நோய் நொடி எல்லாம் ஏற்கெனவே தெரிந்திருக்கும், மறைக்க ஒன்றும் இல்லை. பகலெல்லாம் வீட்டில் இருக்கிற பெரியவர்களுக்கு அதன் சோம்பல் ரொம்பப் பிடிக்கும். முதல் சில நாள் சாப்பிடாமல் கதவையே பார்த்துக்கொண்டிருக்கும். பழைய ஆட்கள் வருவார்கள் என்று நினைக்கிறது. கட்டாயப்படுத்தாமல், பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு, ஒரே நேரத்தில் சோறு வைத்தால் போதும். இரண்டு வாரத்தில், மூன்று வாரத்தில், யாரோ ஒருவர் காலடியில் வந்து படுத்துக் குறட்டை விடும்.

சென்னையிலிருந்து திருத்தணிப் பக்கம் ஒரு பக்கைக் கொண்டுபோக வேண்டுமானால், கோடையில் பகல் பயணம் கூடாது. விடியற்காலை நாலு மணிக்குக் காரில் கிளம்பினால் வெயில் ஏறுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிடலாம். தண்ணீர்ப் பாத்திரம், ஒரு பழைய துண்டு, கழுத்துப் பட்டைக்குப் பதிலாக மார்போடு கட்டுகிற பெல்ட். கழுத்தை இறுக்கினால் அதற்கு இருக்கிற கொஞ்ச மூச்சும் போய்விடும்.