மீனை எண்ணாமல் ஆற்றைக் காக்க முடியுமா?

கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, மட்டக்குளியருகே கடலோடு கலக்கும் களனி கங்கையிலிருந்தே கொழும்பு மாநகரின் குடிநீரிற் பெரும்பங்கு எடுக்கப்படுகிறது. வெள்ளவத்தையில் நீர் அருந்துபவரும் மஸ்கெலியாச் சரிவில் மரக்கறி பயிரிடுபவரும் ஓராற்றின் இரு முனைகளில் வாழ்பவர்களே. அவ்வாற்றின் நலத்தைப் பற்றி யாரிடம் சாட்சி கேட்பது? ஆய்வுகூடம் ஒரு நாளைய நீரைச் சோதிக்கும். மீனோ ஆண்டு முழுவதும் அந்நீரிற் கிடந்து சாட்சி பகர்கின்றது.

மலைநாட்டு ட்ரவுட் மீனை எடுத்துக்கொள்வோம். வெள்ளைத் துரைமார் தம் பொழுதுபோக்குக்காக 1880களில் முட்டைகளாகக் கப்பலேற்றிக் கொணர்ந்த அந்நிய மீன் அது. 1896இல் அதற்கெனக் கழகமும் கண்டனர். மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று ஆறுகளுக்கும் தலைநீர் தரும் ஹோர்ட்டன் சமவெளியில் வானவில் ட்ரவுட் தானாகவே பெருகி நிலைத்தது. குளிர்ந்த தெளிநீரன்றி அது வாழாது. கரைநிழல் அழிந்து நீர் சூடேறினாலும், சரிவு மண் அரித்து வந்து முட்டையிடும் பரலை மூடினாலும் அது அருகிவிடும். ஆகவே அம்மீன் குறைந்தால், துரைமார் விளையாட்டுத்தானே போயிற்று என்று வாளாவிருத்தல் தகாது. அது பெருகினால் ஆறு நலமென்று மகிழ்வதும் தவறு. சுதேசச் சிற்றுயிர்களை விழுங்கி வளர்வது அது.

நம் மண்ணுக்கே உரிய மீன்களின் கணக்கே முதன்மையானது. கேகாலை மாவட்டத்துக் கலப்பிட்டமடைக்கு அருகே ஒரு சிற்றோடையில் வாழ்ந்த 'பந்துல பெத்தியா' என்னும் சிறுமீன் 1991இல்தான் தனியினமென அறியப்பட்டது. அது அழிவின் விளிம்பில் நிற்பதை, ஓடையில் இறங்கி எண்ணியதனாலன்றோ உலகம் அறிந்தது?

எண்ணுதல் மாயவித்தையன்று. வயலில் ஒரு சிறு பகுதியை அறுத்து முழு விளைச்சலை மதிப்பிடுவதை உழவர் அறிவர். அதுபோல ஓடையின் ஒரு பகுதியை வலையால் மறித்து, இலேசான மின்னோட்டத்தால் மீன்களை மயக்கிப் பிடித்து, இனம் பிரித்து அளந்து மீண்டும் விடுவர். அடுத்தடுத்த முறைகளிற் பிடிபடும் தொகை குறைந்து செல்லும் விதத்தைக் கொண்டு மொத்தத் தொகையைக் கணிப்பர். ஆனால் ஒருமுறை எண்ணி ஏட்டை மூடுவதாற் பயனில்லை. ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், ஆண்டுதோறும் எண்ணவேண்டும்.

மீனைவிட மனிதர் பெரிதல்லவா என்பாருளர். மனிதருக்காகவே கேட்கிறோம். 2015 ஆகஸ்ட் மாதத்தில் களனியில் டீசல் எண்ணெய் கலந்தபோது மாநகர் பதறியது. இத்தகைய கேட்டின் அளவை நீதிமன்றில் நிறுவ, முன்னைய கணக்கு வேண்டாமா? மேலே அணைக்கட்டுகள் நீரை மறிக்கின்றன. கீழே ஆலைகள் கழிவைச் சேர்க்கின்றன. இடையில் கணக்கில்லாதவிடத்துப் பழி யார் தலையில் விழும்? வாயற்ற தோட்டத் தொழிலாளியின் தலையிலும், உரமிட்ட உழவனின் தலையிலும் அன்றோ!

ஆற்றின் முகத்துவாரத்திலேயே, காக்கைத்தீவில், நாரா நிறுவனம் அமைந்திருக்கின்றது. மலையுச்சி முதல் அம்முகத்துவாரம் வரை குறித்த இடங்களில் ஆண்டுதோறும் மீன்களை எண்ணி, முடிவுகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒருங்கே வெளியிட அரசு ஆணையிட வேண்டும். ஆற்றங்கரை உழவரையும் மீனவரையும் அப்பணியிற் சேர்த்துக்கொள்ள வேண்டும். நீரைப் பருகுவோர்க்கு அதன் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு. அவ்வுரிமையைச் சலுகையாக யாசிக்க நாம் ஆயத்தமாயில்லை.