டிராகனுக்கு மறுபடியும் இசை

‘ஹவ் டு டிரெயின் யுவர் டிராகன்’ அனிமேஷன் படம் 2010-இல் வந்தது. ஜான் பவலின் இசை ஆஸ்கார் பரிந்துரை வரை போனது. 2025-இல் அதையே நிஜ நடிகர்களோடு எடுத்தபோதும் இசை அவரேதான். பழைய டிராக்குகளை காப்பி, பேஸ்ட் செய்திருக்கலாமே என்கிறீர்களா? முடியாது. பழைய படம் 98 நிமிடம், புதியது 125. காட்சி நீண்டால் இசையும் நீள வேண்டும். ஃபைலை இழுத்து நீட்டினால் தாளம் தளர்ந்துவிடும். புதிதாகப் பதிவு செய்ததுதான் சரி. முக்கிய மெட்டுகளில் கை வைக்காததற்கு ஒரு சபாஷ்!

இருந்தாலும், சிறுவன் ஹிக்கப் டூத்லெஸ் மேல் ஏறிப் பறக்கும் காட்சிக்கு என் ஓட்டு 2010-க்குத்தான். (டூத்லெஸ் இரண்டிலுமே கம்ப்யூட்டர் பிள்ளைதான்!) ஹெட்போனில் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். வால்யூமைச் சமமாக வையுங்கள். சத்தம் கூடினாலே நன்றாக இருப்பதாகக் காது நம்பிவிடும்.