முடி கொட்டினால் முதலில் யாரிடம் போவது?

உயிரறிவியல் படிக்கிறேன் என்று தெரிந்துவிட்டால் போதும், நண்பர்கள் சந்தேகம் கேட்க ஆரம்பித்துவிடுவார்கள். முகப்பரு பற்றியதென்றால் உணவங்காடி மேசையில் எல்லாரும் இருக்கும்போதே கேட்பார்கள். முடி கொட்டுவது பற்றியதென்றால் குரல் இறங்கிவிடும். தனியாகக் கூப்பிட்டுக் கேட்பார்கள். இல்லையென்றால் இரவு பன்னிரண்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும். குளியலறைத் தரையில் தண்ணீர் வடியும் துளையைச் சுற்றி ஒரு முடிச்சுருள். கீழே, “இது நார்மலா?”

நான் மருத்துவர் அல்லள், இரண்டாம் ஆண்டு மாணவி. ஆனால் வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அவற்றுக்கு மருத்துவ உலகம் பல ஆண்டுகளுக்கு முன்பே பதில் சொல்லிவிட்டது. என்னை உறுத்துவது வேறொன்று. கேட்பவர்களில் பலர் என்னிடம் வருவதற்கு முன்பே கடைத்தொகுதி ஒன்றில் ‘இலவசத் தலைமுடிப் பரிசோதனை’க்குப் போய் வந்திருக்கிறார்கள். மருத்துவரைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு. இந்த வரிசை தலைகீழாக இருக்கிறது என்பது என் கருத்து.

முதலில் அந்தப் படத்துக்குப் பதில். நம் தலையில் ஏறக்குறைய 100,000 முடிகள் இருக்கின்றன. நாளொன்றுக்கு 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. ஒரு முடி இரண்டு முதல் ஆறு ஆண்டுகள் வளர்கிறது, சில மாதங்கள் ஓய்வில் இருக்கிறது, பிறகு விழுகிறது. அதே மயிர்க்காலிலிருந்து புதியது முளைக்கிறது. மூன்று நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பவருக்கு மூன்று நாள் கணக்கும் ஒரே குளியலில் வந்து சேரும். இடுப்புவரை முடி வளர்த்தவரின் 80 முடி, கட்டையாக வெட்டியவரின் 80 முடியைவிட மலைபோலத் தெரியும். அதனால் தரையில் கிடப்பதை எண்ணிப் பயனில்லை. வகிடு அகலமாகிறதா, நெற்றியோரம் பின்வாங்குகிறதா, குதிரைவால் கட்டும் ரப்பரை முன்பைவிட ஒரு சுற்றுக் கூடுதலாகச் சுற்ற வேண்டியிருக்கிறதா என்று பாருங்கள். மாதத்துக்கு ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துவைத்தால் இன்னும் நல்லது.

திடீரென்று கைநிறையக் கொட்டுகிறது என்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: “ரெண்டு மூணு மாசத்துக்கு முன்னால உனக்கு என்ன ஆச்சு?” பெரும்பாலும் ஏதாவது ஒன்று நடந்திருக்கும். டெங்கி, கொவிட் போன்ற கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை, அல்லது ஒரு மாதத்தில் பத்துக் கிலோ குறைக்க வேண்டும் என்று சோற்றை நிறுத்தியது. உடலுக்குப் பெரிய அதிர்ச்சி வரும்போது, வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பல ஒரே நேரத்தில் ஓய்வு நிலைக்குப் போய்விடுகின்றன. ஓய்வு முடிந்து அவை விழுவதற்கு இரண்டு மூன்று மாதங்கள் ஆகும். அதற்குள் நாம் காய்ச்சலை மறந்திருப்போம். பழி விழுவது புதிய ஷாம்பு மேல், விடுதிக் குழாய்த் தண்ணீர் மேல், தேர்வு மேல்.

இந்த இடைவெளி பற்றித்தான் இளையர்கள் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். இவ்வகை முடியுதிர்வு பொதுவாக ஆறு மாதத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். ஆனால் மனிதர்கள் எப்போது பணம் செலவழிப்பார்கள்? கொட்டுவது உச்சத்தில் இருக்கும்போது. அந்த வாரத்தில் ஒருவர் பத்து அமர்வுத் தொகுப்பு ஒன்றை வாங்குகிறார். இன்னொருவர் ஆன்லைனில் வெங்காயச் சாறு எண்ணெய் வாங்குகிறார். வேறொருவர் எதுவுமே செய்யவில்லை. நான்கு மாதம் கழித்து மூவருக்கும் கொட்டுவது நின்றிருக்கும். முதல் இருவரும் தாங்கள் வாங்கியதைப் பத்துப் பேருக்குப் பரிந்துரைப்பார்கள். மூன்றாமவர் என்ன காணொளி போடுவார்? “நான் ஒண்ணும் பண்ணல, சரியாயிடுச்சு” என்றால் யார் பார்ப்பார்கள்?

எனக்குத் தெரிந்த மாணவர் ஒருவர் இப்படித்தான் ஓர் இலவசப் பரிசோதனைக்குப் போனார். சிறிய கேமரா ஒன்றைத் தலையில் வைத்து, திரையில் பெரிதாக்கிக் காட்டினார்களாம். மயிர்க்கால்களைச் சுற்றி எண்ணெய்ப் பசை. “அடைத்துக்கொண்டிருக்கிறது, இப்படியே விட்டால் 25 வயதில் வழுக்கை” என்று சொல்லி, இன்றே கையெழுத்துப் போட்டால்தான் இந்த விலை என்றும் சொல்லியிருக்கிறார்கள். செமஸ்டர் விடுமுறை முழுவதும் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த பணம் அன்று மாலையே போய்விட்டது. யாருடைய தலைச்சருமத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாலும் எண்ணெய்ப் பசை தெரியும். நம்முடைய தட்பவெப்பத்தில் மதியம் மூன்று மணிக்குக் கேட்கவே வேண்டாம். பரம்பரை வழுக்கைக்கு அந்த அடைப்பு காரணமே இல்லை. ரத்தத்தில் இரும்புச்சத்து குறைவாக இருக்கிறதா, தைராய்டு சரியாக வேலை செய்கிறதா என்பதை அந்தக் கேமராவால் பார்க்கவும் முடியாது.

பரம்பரை வழுக்கைக்கு என்னதான் காரணம்? 1942ல் ஜேம்ஸ் ஹேமில்டன் என்ற அமெரிக்க உடற்கூற்றியலாளர் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடித்தளம் போட்டது. பருவ வயதுக்கு முன்பே விதைப்பை நீக்கப்பட்ட ஆண்களுக்கு வழுக்கை விழவில்லை. ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டெரோனை அவர்களுக்குச் செலுத்தியபோது, குடும்பத்தில் வழுக்கை இருந்தவர்களுக்கு முடி போகத் தொடங்கியது. ஆக, மரபணு, ஹார்மோன் இரண்டும் சேர வேண்டும். டெஸ்டோஸ்டெரோனிலிருந்து உருவாகும் டிஎச்டி என்ற ஹார்மோன், அதற்கு எளிதில் வசப்படும் மயிர்க்கால்களை ஆண்டுக்கணக்கில் சுருக்கிக்கொண்டே போகிறது. தடித்த முடி மெல்லியதாகி, பிறகு பஞ்சுபோலாகி, கடைசியில் கண்ணுக்கே தெரியாமல் போகிறது.

தேசிய சேவையில் இருக்கும் என் அண்ணனின் படைப்பிரிவில் இதற்குத் தலைக்கவசத்தைத்தான் குற்றம் சொல்கிறார்களாம். புலாவ் தெக்கோங்கில் தலையை மழித்துவிட்டதால் மறுபடி சரியாக வளரவில்லை என்பார்கள் சிலர். அதே கையோடு, குழந்தைக்கு மொட்டை அடித்தால் அடர்த்தியாக வளரும் என்றும் வீட்டில் சொல்கிறோம். மழித்தால் குறையுமா, கூடுமா? இரண்டும் இல்லை. கத்தி தொடுவது தோலுக்கு வெளியே இருக்கும் உயிரற்ற பகுதியை மட்டும்தான். தோலுக்குள் இருக்கும் மயிர்க்காலுக்கு அது தெரியவே தெரியாது. 18 வயது என்பது பரம்பரை வழுக்கை சிலருக்குத் தலைகாட்டத் தொடங்கும் வயது. ராணுவத்தில் சேர்வதும் அதே வயதில். அவ்வளவுதான் தொடர்பு. தாய்மாமனைப் பார்த்தால் போதும் என்பதும் பாதி உண்மை. தாய்வழி வரும் எக்ஸ் குரோமோசோமில் முக்கியமான ஒரு மரபணு இருக்கிறது, ஆனால் அப்பா பக்கத்திலிருந்து வரும் மரபணுக்களுக்கும் பங்குண்டு.

நேரம் முக்கியம் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுதான் காரணம். நன்றாக ஆராயப்பட்ட மருந்துகள் இரண்டும் இருக்கும் முடியைக் காப்பதில்தான் வல்லவை. மினோக்சிடில் முதலில் உயர் ரத்த அழுத்தத்துக்கான மாத்திரையாக வந்தது. சாப்பிட்டவர்களுக்கு வேண்டாத இடங்களில் எல்லாம் முடி வளர்ந்ததால், அதைத் தலையில் தடவும் திரவமாக்கினார்கள். 1988ல் அமெரிக்கா அதற்கு அனுமதி அளித்தது. ஃபினாஸ்டரைடு புரோஸ்டேட் வீக்கத்துக்கான மருந்து. டிஎச்டி உருவாவதைக் குறைப்பதால், 1997ல் 1 மில்லிகிராம் அளவில் ஆண்களின் வழுக்கைக்கும் அனுமதிக்கப்பட்டது. பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள், சில நேரம் அதற்கு மேலும் ஆகும். மினோக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் முடி கூடுதலாகக்கூடக் கொட்டலாம். விவரம் தெரியாதவர்கள் அங்கேயே பயந்து நிறுத்திவிடுகிறார்கள். எப்போது நிறுத்தினாலும் கிடைத்த பலன் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டரைடு சிலருக்குப் பாலுணர்வுக் குறைவையும் மனச்சோர்வையும் கொடுக்கலாம். கர்ப்பிணிகள் உடைந்த மாத்திரையைத் தொடவும் கூடாது. மருத்துவர் எழுதிக் கொடுக்க வேண்டிய மருந்தை டெலிகிராமில் யாரோ விற்கிறார்கள் என்று வாங்குவது எனக்கு அச்சமூட்டுகிறது.

பெண்களின் கதை இன்னும் கவனிக்கப்படாதது. ஆண்களுக்காவது கேலியாக ஒரு பேச்சு நடக்கிறது. பெண்களுக்கு விருந்துகளில் உறவினர் ஒருவர் பின்னலைக் கையில் பிடித்துப் பார்த்து, “எவ்ளோ நீளமா இருந்துச்சு, என்னம்மா ஆச்சு?” என்பதோடு முடிந்துவிடும். உண்மையில் என்ன ஆச்சு என்று யாரும் பார்ப்பதில்லை. மாதவிடாயில் அதிகம் ரத்தம் போகிறவர்களுக்கு இரும்புச்சத்து குறைந்திருக்கலாம். தைராய்டுக் கோளாறாக இருக்கலாம். மாதவிடாய் தள்ளித் தள்ளி வந்து, முகத்தில் முடி வளர்ந்து, தலையில் மட்டும் குறைந்தால் பிசிஓஎஸ் எனப்படும் சினைப்பைக் கோளாறா என்று பார்க்க வேண்டும். இவை அழகுப் பிரச்சினைகளே அல்ல. முடி நமக்கு முன்கூட்டியே தகவல் சொல்கிறது, நாம் அதற்கு சீரம் தடவிக்கொண்டிருக்கிறோம்.

பரதநாட்டியம் ஆடுபவர்களுக்கும் சீருடை அணியில் இருப்பவர்களுக்கும் தனியாக ஒன்று. சவுரி வைத்து இழுத்துப் பின்னுவதும், ஒரு முடிகூடப் பறக்காமல் இறுக்கிக் கொண்டை போடுவதும் நெற்றியோர மயிர்க்கால்களை இழுக்கின்றன. ஆரம்பத்திலேயே தளர்த்தினால் முடி திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் வளராது. அரங்கேற்றத்துக்கு இறுக்கிக் கட்டுங்கள், வாராந்திரப் பயிற்சிக்கு அது தேவையில்லை.

பாட்டியின் எண்ணெயை நான் குறைசொல்லப் போவதில்லை. தேங்காய் எண்ணெய் முடியின் தண்டுக்குள் ஊடுருவி, கழுவும்போது புரதம் இழப்பதைக் குறைக்கிறது; முடி உடைவது குறையும். அதுவே ஒரு நன்மைதான். ஆனால் அது டிஎச்டியைத் தடுக்காது, ரத்தச்சோகையைப் போக்காது. வட்டமாகத் திட்டுத்திட்டாக முடி போவதைப் புழுவெட்டு என்கிறோம். அங்கே புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. நம் உடலின் எதிர்ப்புச் சக்தியே மயிர்க்காலைத் தாக்குகிறது. பலருக்குத் தானாகவே வளர்ந்துவிடும், சிலருக்குப் பரவும். யாருக்கு எது என்று பார்க்க மருத்துவர் வேண்டும். பயோட்டின் மாத்திரை வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை: அந்தச் சத்துக் குறைபாடு அரிது, ஆனால் அதிக அளவு பயோட்டின் தைராய்டு உள்ளிட்ட சில ரத்தப் பரிசோதனை முடிவுகளைத் தவறாகக் காட்டிவிடும். சாப்பிட்டால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

“வழுக்கை விழுந்தா விழட்டும், இதுக்குப் போய் டாக்டரா?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களை எனக்குப் பிடிக்கும். சிகிச்சையே வேண்டாம் என்று முடிவெடுப்பது நல்ல முடிவாகவே இருக்கலாம். பரம்பரை வழுக்கை உடலுக்குக் கெடுதல் செய்வதில்லை, மருந்தோ மாதாமாதம் கைக்காசைத் தின்னும். ஆனால் தனக்கு இருப்பது அதுதான் என்று தெரிந்த பிறகு அந்த முடிவை எடுக்கலாமே. மேலும், உண்மையிலேயே கவலையில்லாதவர் நள்ளிரவில் எனக்குப் படம் அனுப்புவதில்லை.

மாணவர் சங்கங்களிடம் எனக்கு ஒரு கோரிக்கை உண்டு. அறிமுக முகாம் அன்பளிப்புப் பைகளில் முடி சிகிச்சைப் பற்றுச்சீட்டுகளை வைப்பதை நிறுத்துங்கள். 19 வயதில், புதிய இடத்தில், எல்லாரும் தன்னைப் பார்ப்பதாக நினைக்கும் ஒருவரின் கையில் அது போய்ச் சேர்கிறது. ஆதரவாளர் வேண்டுமென்றால் பபிள் டீ கடையைக் கேளுங்கள்.

பலதுறை மருந்தகத்துக்கு ஹெல்த்ஹப் செயலியிலேயே முன்பதிவு செய்யலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே தேசிய சருமநோய் நிலையத்துக்கு அனுப்புவார்கள். சிங்கப்பூரர்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் அப்படிப் போனால் கட்டணம் குறைவு. மருத்துவருக்கு உங்களிடம் அதிக நேரம் இருக்காது. அதனால் எப்போதிருந்து கொட்டுகிறது, கடந்த ஆறு மாதத்தில் வந்த காய்ச்சல், எடை மாற்றம், சாப்பிடும் மாத்திரைகள், குடும்பத்தில் இரண்டு பக்கமும் யாருக்கு வழுக்கை என்பதை எல்லாம் கைப்பேசியில் குறித்துக்கொண்டு போங்கள். “எனக்கு இருக்கும் பிரச்சினையின் பெயர் என்ன?” என்று கேட்காமல் திரும்பாதீர்கள். அன்று மட்டும் தலைக்கு எண்ணெய் வைக்காமல், முடியை இறுக்கிக் கட்டாமல் போங்கள். வகிடு தெரிய வேண்டும்.