கைதட்டு யாருக்கு?

சொந்த ஊரை விட்டு வந்து பல வருடம் ஆகிவிட்டது. வந்த இடத்தில் வீடு இருக்கிறது. வேலை இருக்கிறது. பிள்ளைகள் இங்கேயே பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடம் போகிறார்கள். ஆனால் பழைய ஊரின் அணி பந்தயத்தில் இறங்கும்போது மட்டும் மனது அந்தப் பக்கமே ஓடுகிறது.

இது சரியா, தவறா?

விளையாட்டுச் சமாசாரம்தானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நீலகிரி மலையில் வாழும் பல குடும்பங்களுக்கு இது விளையாட்டு அல்ல. வாழ்க்கையோடு ஒட்டிய கேள்வி.

கப்பலில் வந்தவர்கள்

வெள்ளைக்காரர் ஆட்சியில், தமிழ்நாட்டுக் கிராமங்களில் இருந்து லட்சக்கணக்கான ஏழைகள் இலங்கைக்குப் போனார்கள். அங்கே காட்டை வெட்டினார்கள். தேயிலை நட்டார்கள். கொழுந்து பறித்தார்கள். மூன்று தலைமுறை அங்கேயே கழிந்தது.

1948-ம் ஆண்டு இலங்கை சுதந்திரம் பெற்றது. அதே ஆண்டில் வந்த குடியுரிமைச் சட்டம், இந்தத் தோட்டத் தொழிலாளர்களில் பெரும்பாலோரை நாடற்றவர்கள் ஆக்கிவிட்டது.

1964 அக்டோபர் 30-ந் தேதி, இந்தியப் பிரதமர் லால்பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயகாவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்பது. 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுப்பது. மீதி ஒன்றரை லட்சம் பேரை 1974-ல் இரண்டு நாடுகளும் சரிபாதியாகப் பங்கு போட்டுக்கொண்டன.

பங்கு போட்டது நிலத்தை அல்ல, மனிதர்களை!

தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்கள் ராமேசுவரத்தில் இறங்கினார்கள். அவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத் தமிழ்நாடு அரசாங்கம் 1968-ல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுவே பிற்பாடு "டான்டீ" என்ற அரசாங்கக் கம்பெனி ஆயிற்று. கூடலூர், பந்தலூர், குன்னூர், கோத்தகிரி வட்டாரங்களில் இவர்கள் குடியேறினார்கள்.

அங்கே இவர்களுக்கு "இந்தியாக்காரர்" என்று பெயர். இங்கே வந்தால் "சிலோன்காரர்" என்று பெயர்!

ஒரு வீடு, இரண்டு மனது

இனிமேல்தான் பந்தயத்தின் கதை வருகிறது.

தமிழ்நாட்டுக்கும் இலங்கைக்கும் கிரிக்கெட் உறவு புதிது அல்ல. கோபாலன் கோப்பை என்று ஒரு கோப்பை உண்டு. சென்னை அணியும் சிலோன் அணியும் அதற்காக 1950-களில் மோத ஆரம்பித்தன. கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய எம்.ஜே.கோபாலனின் பெயரால் ஏற்பட்ட கோப்பை அது. அந்தக் காலத்தில் இலங்கை சின்ன அணி. 1982-ல்தான் முதல் டெஸ்ட் பந்தயம் ஆடியது.

பதினான்கே வருடத்தில் உலகம் திகைத்தது. 1996 மார்ச் 17-ந் தேதி, லாகூரில் ஆஸ்திரேலியாவைத் தோற்கடித்து இலங்கை உலகக் கோப்பையைத் தட்டிக்கொண்டு போனது. அந்த அணியில் ஒரு தமிழர் இருந்தார். அவர் முத்தையா முரளிதரன்.

முரளிதரன் யார்? அவருடைய தாத்தா 1920-ல் தமிழ்நாட்டில் இருந்து தேயிலைத் தோட்ட வேலைக்கு இலங்கை போனவர். தாத்தா பிற்காலத்தில் இந்தியாவுக்கே திரும்பிவிட்டார். மகனின் குடும்பம் கண்டியிலேயே தங்கிவிட்டது. பேரன் இலங்கைக்காகப் பந்து வீசி, டெஸ்ட் பந்தயங்களில் 800 விக்கெட் எடுத்தார். அந்த 800-வது விக்கெட் 2010-ல் எந்த நாட்டுக்கு எதிராக விழுந்தது தெரியுமா? இந்தியாவுக்கு எதிராகத்தான்!

நீலகிரிக்குத் திரும்பிய குடும்பங்களின் கதையும் இதேதான். ஒரே கொடியில் காய்த்த காய்கள். ஒன்று அங்கே தங்கியது. ஒன்று இங்கே வந்தது.

2011 ஏப்ரல் 2-ந் தேதியை நினைத்துப் பாருங்கள். பம்பாயில் உலகக் கோப்பை இறுதிப் பந்தயம். இந்தியாவும் இலங்கையும் மோதுகின்றன. முரளிதரனுக்கு அதுவே கடைசிச் சர்வதேசப் பந்தயம். கூடலூர்ப் பக்கம் ஒரு லயன் வீட்டில் தாத்தாவும் பேரனும் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். தாத்தா கண்டியில் பிறந்தவர். பேரன் கூடலூரில் பிறந்தவன். முரளி பந்தை எடுக்கும்போது தாத்தாவின் உள்ளம் துடித்தால், அது குற்றமா? டோனி சிக்சர் அடித்துப் பந்தயத்தை முடித்தபோது பேரன் துள்ளிக் குதித்தால், அவன் தாத்தாவுக்குத் துரோகியா?

இரண்டும் இல்லை. ஒருவர் தம்முடைய பிள்ளைப் பருவத்துக்குக் கைதட்டுகிறார். இன்னொருவன் தன்னுடைய பிள்ளைப் பருவத்துக்குக் கைதட்டுகிறான்.

இதில் இன்னொரு வேடிக்கை. அந்த டோனியின் தலைமையில், சென்னை சூப்பர் கிங்ஸ் அணியில் மஞ்சள் சட்டை போட்டு ஆடியவர்தான் முரளிதரன். 2008 முதல் 2010 வரை சென்னை ஜனங்கள் அவருக்கு விசில் அடித்தார்கள்.

கிரிக்கெட் பரீட்சை

1990-ல் இங்கிலாந்தில் நார்மன் டெபிட் என்ற அரசியல்வாதி ஒரு பரீட்சை சொன்னார். இந்தியா, பாகிஸ்தான், மேற்கிந்தியத் தீவுகளில் இருந்து குடியேறியவர்கள் எந்த அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டுமாம். இங்கிலாந்துக்குத் தட்டாவிட்டால், அவர்கள் இங்கிலாந்தோடு ஒட்டவில்லை என்று அர்த்தமாம். அதற்குப் பலத்த எதிர்ப்புக் கிளம்பியது.

இந்தப் பரீட்சையில் ஒரு பிழை இருக்கிறது. புகுந்த வீட்டுக்கு வந்த பெண், அடுப்பு மூட்டுகிறாள், பிள்ளை வளர்க்கிறாள், குடும்பத்தைத் தாங்குகிறாள். பிறந்த வீட்டு நினைவில் ஒரு நாள் கண் கலங்கினால், அவள் இந்த வீட்டுக்காரி இல்லை என்று ஆகிவிடுமா? அதுபோலத்தான் இதுவும். ஒருவர் உழைப்பு எங்கே இருக்கிறது, வரி எங்கே கட்டுகிறார், ஓட்டு எங்கே போடுகிறார் என்பதே குடிமகனுக்கு அடையாளம். கைதட்டு அல்ல.

வம்பு வேறு இடத்தில் இருக்கிறது. 1996 மார்ச் 13-ந் தேதி, கல்கத்தாவில் அரை இறுதிப் பந்தயம். இந்தியா 120 ரன்னுக்கு 8 விக்கெட்டை இழந்து தோற்கும் நிலையில் இருந்தது. ஜனங்கள் மைதானத்தில் பாட்டில்களை எறிந்தார்கள். இருக்கைகளுக்குத் தீ வைத்தார்கள். பந்தயம் பாதியில் நின்றது. வெற்றி இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. பாட்டில் எறிந்தவர்கள் சொந்த அணியின்மேல் பாசம் உள்ளவர்கள்தான். ஆனால் தலைகுனிவு யாருக்கு? அந்த அணிக்குத்தான்! சொந்த அணியை நேசிப்பது தவறு இல்லை. அடுத்தவன் கைதட்டைப் பொறுக்க மாட்டாததே தவறு.

ரயில் ஏறிய பாசம்

ஊரைப் பிரிந்த பிறகும் அணியை விடாத பாசம் எல்லோருக்கும் உண்டு. 2018-ல் காவிரிப் போராட்டம் காரணமாக, சென்னை அணியின் பந்தயங்கள் புனாவுக்கு மாற்றப்பட்டன. அணியே ஊரை விட்டுப் போய்விட்டது! ரசிகர்கள் என்ன செய்தார்கள்? ஏப்ரல் மாதத்தில் சுமார் ஆயிரம் பேர் சென்னையில் இருந்து தனி ரயிலில் புனாவுக்கே போய்விட்டார்கள். அந்த ஆண்டு கோப்பையும் சென்னைக்கே வந்தது.

அவர்களை எல்லோரும் பாராட்டினார்கள். அதே பாசம் ஒரு தோட்டத் தொழிலாளியின் வீட்டில் இருந்தால் மட்டும் சந்தேகப்படுவது நியாயமா?

மலையின் பங்கு

நீலகிரி இன்று இன்னொரு பிரிவைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தேயிலை வருமானம் போதாமல், மலைப் பிள்ளைகள் கோயமுத்தூருக்கும் பெங்களூருக்கும் இறங்கிப் போகிறார்கள். டான்டீ தோட்டங்களில் ஒரு பகுதியை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க 2022-ல் அரசாங்கம் உத்தரவு போட்டது. "மறுபடியும் பெட்டி படுக்கையைத் தூக்க வேண்டுமா?" என்ற கவலை தொழிலாளர் குடும்பங்களில் புகுந்தது.

இரண்டு முறை ஊர் மாறியவர்களுக்குச் சொந்தம் என்று மிஞ்சுவது கொஞ்சம்தான். ஒரு பேச்சு வழக்கு. ஒரு சமையல் ருசி. பந்தய நாளில் ஒரு கைதட்டு.

தாத்தா ஒரு பக்கம் தட்டட்டும். பேரன் இன்னொரு பக்கம் தட்டட்டும். பந்தயம் முடிந்ததும் இருவரும் ஒரே கெட்டில் தேயிலைத் தண்ணீரைத்தான் ஊற்றிக் குடிக்கப் போகிறார்கள். அந்தத் தேயிலை விளைந்தது நீலகிரி மண்ணில். பறித்தது அவர்கள் கை.

அவர்கள் எந்த ஊர்க்காரர்கள் என்பதற்கு, இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?